வசந்தன் என்பது எந்த இலாகா?

செந்தூல், கோலாலம்பூர்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வாட்சப்பில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். அண்ணனுக்கு அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். செம்பாகா தோட்டத்து ஆபீசுக்கு இன்னும் தபால் வருகிறது. கணக்கெழுதும் கிராணி இதைப் பிரிக்காமல் உங்கள் கையில் கொடுப்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் உங்கள் நாத்தனாராக வரவில்லை. எங்கள் ஆய்வு நிறுவனம் மலையில் பல ஊர்களில் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வருகிறது. குடிக்கும் தண்ணீரைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், யார் சொல்லித் தெரிகிறது என்பதுதான் விஷயம். செம்பாகாவுக்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் ஆசை. நான் பிறந்த லயத்து வரிசைவீட்டுக்கு நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். “உங்க வீட்டுக்கு வர்ற தண்ணி எப்படி இருக்குன்னு யார் சொல்லித் தெரிஞ்சுக்கிறீங்க?” என்று கேட்டேன். சிரிப்பு வந்தது. “இது ஒரு கேள்வியா லா? நம்ம வசந்தன்தான்,” என்று அண்ணன் பெயரைச் சொன்னார்கள். அடுத்த கேள்வி, “அவர் சொல்றத நம்புறீங்களா?” யார் பெயரைச் சொன்னாலும் அடுத்ததாக அதைத்தான் கேட்க வேண்டும். அது அண்ணனுக்காக எழுதிய கேள்வி இல்லை.

சாரதா அக்கா எழுந்து அப்படிப் பேசுவார் என்று நான் கண்டேனா? “சொன்னாத்தானே நம்பறதுக்கு? போன மாசம் மழைக்கு அப்புறம் என் மகளுக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். தொட்டியப் பாத்துக்கிறவன் ஒரு வார்த்த சொன்னானா?”

அப்போதுதான் அண்ணன் எல்லாருக்கும் மைலோ கலந்து தட்டில் கொண்டுவந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே வெளியே போனார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “உங்க அண்ணன சபையில நிக்க வெச்சிட்ட பூவு.” சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

நான் கேள்வியை மட்டும்தான் கேட்டேன், அண்ணி. பதிலை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

பூவிழி


செம்பாகா தோட்டம், ரிங்லெட்
21 செப்டம்பர் 2025

பூவிழிக்கு அண்ணி எழுதுவது.

கிராணி கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் நான் படித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது போதும்.

நீ கேள்வி மட்டும்தான் கேட்டாயாம். கேள்வி என்றால் காற்றா, கேட்டுவிட்டால் பறந்துபோக? மறுநாளே மேனேஜர் உன் அண்ணனைக் கூப்பிட்டு, “என்ன வசந்தன், தண்ணியப் பத்தி மண்டபத்துல பிராது வந்துச்சாமே?” என்று கேட்டார். திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அதற்கே இவருக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

இந்தத் தோட்டத்தில் அவருக்கு ‘தண்ணி வசந்தன்’ என்று பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் கடைப்பக்கம் போவதில்லை. சாரதா எதிரே வந்தால் மேல்வழியாகச் சுற்றிப் போகிறார்.

உனக்கு ஒன்று தெரியுமா? வருஷத்தில் சில தடவை வெள்ளை வேனில் இரண்டு பேர் வருவார்கள். குழாயைத் திறந்து போத்தலில் பிடிப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து மூடி, இவரிடம் “தெரிமா காசே, பாங்” என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒரு நாளும் இவருக்கு யாரும் சொன்னதில்லை. பரீட்சைத் தாளை வாங்கிக்கொண்டு போய் மார்க்கைச் சொல்லாத வாத்தியாரை நீ பார்த்திருக்கிறாயா? இவர் தொட்டியைக் கழுவுகிறார், குளோரின் போடுகிறார், வடிகட்டியை மாற்றுகிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரியாத மனுஷனைப் பார்த்துத்தான் ஊரே “நம்புறியா” என்று கை நீட்டியது.

படித்தவள் நீ. இத்தனை ஊர் சுற்றுகிறாய். எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுது. எங்கள் தண்ணீர் நல்லதா, இல்லையா?

நம்பரைத் திறக்க இன்னும் மனசு வரவில்லை.

அம்சவல்லி


செந்தூல்
4 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஒரே வார்த்தைக்கு என்னிடம் இருப்பதும் ஒரே வார்த்தைதான். தெரியாது.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் தண்ணீரைச் சோதிப்பதில்லை. தண்ணீரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கிறோம். உங்கள் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை.

ஒரு விஷயம் சொல்லுகிறேன், அண்ணனிடமும் சொல்லுங்கள். என் மேலதிகாரி ரூபினி எல்லா ஊர்களின் பதில்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டு, “பூவிழி, வசந்தன் என்பது எந்த இலாகா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “தண்ணித் தகவல் யார் தர்றாங்கன்னு கேட்டதுக்கு, செம்பாகால முக்கால்வாசிப் பேர் வசந்தன்னு சொல்லியிருக்காங்க. சுருக்கப் பெயரா இது? முழுப் பெயர் என்ன?” என்றார்.

அண்ணன் என்று சொன்னதும் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்ற ஊர்களின் பதிலைக் காட்டினார். கம்போங் ராஜா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில், தானா ராத்தா கடைகளுக்குப் பின்னால் உள்ள வீடுகளில், எங்கே பார்த்தாலும் “யாரும் சொல்வதில்லை”, “பேஸ்புக்”, “தெரியாது”. நம் தோட்டத்தில் மட்டும்தான் ஒரு மனுஷனின் பெயர் வந்திருக்கிறது. சாரதா அக்காவின் கோபமும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லக்கூடிய ஆள் இருக்கிறார், ஆனால் சொல்லவில்லை என்ற கோபம்.

அந்த வெள்ளை வேன்காரர்களின் முடிவு எங்கே போகிறது, யார் கேட்டால் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ரூபினி தடுத்துவிட்டார். ஜனவரியில் இதே ஊர்களுக்கு இரண்டாம் முறை போகிறோம். அதற்குள் நாங்களே தகவலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தகவல் இல்லாத மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அளக்க முடியாதாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு ஆபீசில் தண்ணீர் குடிக்கப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு வரலாமா? வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

பூவிழி


செம்பாகா தோட்டம்
9 நவம்பர் 2025

பூவு,

தீபாவளிக்கு வரலாமா என்று கேட்டாய். நான் பதில் எழுதவில்லை, நீயும் வரவில்லை. உன் அண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பஸ் நிற்கிற வளைவைப் பார்த்துக்கொண்டே பலகாரம் தின்றார். பாவம் யார் மேல் என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் ரூபினிக்கு நான் ஒரு வசவு வைத்திருந்தேன். நாங்கள் தண்ணீரைப் பற்றித் தெரியாமல் இருக்க வேண்டும், நீங்கள் வந்து அளக்க வேண்டும், அப்படித்தானே? அந்த வேன்காரர்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு போகிற சோதனைத் தண்ணீரா நாங்கள்? முழுக் கடிதமும் இதுதான் எழுத நினைத்தேன். அதற்குள் வேறு நடந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் பிடித்த மழை வெள்ளி விடியும்போதுதான் விட்டது. தொட்டிக்குத் தண்ணீர் வருகிற நம் ஓடைக்கு மேலே புதிதாகக் காடு வெட்டிக் காய்கறி போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தச் சரிவு பெயர்ந்து இறங்கிவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் தே தாரிக் டீ மாதிரி வருகிறது. உன் அண்ணன் தொட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். வாசலில் நின்றார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

“மேனேஜரக் கேக்காம வால்வ மூடினா அவர் கேப்பாரு. மூடாட்டி சாரதா கேப்பா. என்ன பண்றதுன்னு தெரியல அம்சா.”

“போன் போட்டீங்களா?”

“லைன் கெடைக்கல. ரிங்லெட் ரோட்டுலயும் மண்ணு விழுந்திருக்காம்.”

“அப்ப யாரக் கேக்கணும்? மூடிட்டு வாங்க. கேட்டா எம்பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க.”

மூடினார். பிறகு கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. முதலில் வெறும் இருமல். பிறகு, “வசந்தன் பேசறேன். தண்ணி சரியில்ல. யாரும் குடிக்காதீங்க. சமையலுக்கும் எடுக்காதீங்க.” அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கீழ்லயத்து வங்காளதேசப் பையன்களுக்குத் தமிழ் புரியாது. அங்கே நேரே போய், “ஆயெர் கொத்தோர்! ஜாங்ஙான் மினும்!” என்று தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினார். தண்ணீர் அழுக்கு, குடிக்காதே என்று அவர்களில் ரஃபிக்குக்கு விளங்கிவிட்டது. அவன் தன் பாஷையில் கத்த ஆரம்பித்தான். அடுப்பில் வைத்த சட்டிகளை எல்லாம் இறக்கிக் கொட்டினார்கள்.

ஒருவழியாக லைன் கிடைத்ததும், தண்ணி லோரி மத்தியானத்துக்கு முன்னால் வராது என்று செய்தி வந்தது. அந்த நேரத்தில் சாரதா நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். மண்டபத்துக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. மகளுக்குக் காய்ச்சல், மருந்து கொடுக்க ஒரு வாய் தண்ணீர் இல்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய போத்தல் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கடையில் வாங்கிய தண்ணீர். உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்தார். எதற்கு வாங்கினாய், எப்போது வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததனால் நானே சொன்னேன். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாலாம் மாதம், பூவு. போன தடவை போல ஆகிவிடக்கூடாது என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தானா ராத்தா கிளினிக்கில் நர்ஸ், தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள் என்று சொன்னாள். எதைப் பார்ப்பது? பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார். எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால் அந்த மனுஷன் எங்கே போவார்? அதனால் டவுனுக்குப் போகிறபோதெல்லாம் போத்தல் வாங்கி ஒளித்து வைத்தேன். அன்றைக்கு மண்டபத்தில் உன்னோடு வந்த பெண் என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நம்புகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு உன் மேல் பாய்ந்தேன்.

மேனேஜர் வெள்ளி மத்தியானம் லோரியோடு வந்தார். உன் அண்ணனைப் பார்த்து, “மூடினது நல்லது,” என்றார். இவர் என் பெயரைச் சொல்ல வேண்டியதே வரவில்லை.

நீ அத்தையாகப் போகிறாய். சேற்றுத் தண்ணீருக்கு நடுவில்தான் இதைச் சொல்ல வாய்த்திருக்கிறது.

அண்ணி


செந்தூல்
23 நவம்பர் 2025

என் அன்பு அண்ணிக்கு,

கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் என் கையில் டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார். துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார். அத்தை ஆகப்போகிறேன் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

போத்தலைப் பற்றி என்னிடம் நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மறுநாள் ரூபினியிடம் பேசினேன். செம்பாகாவில் இருப்பது என் அண்ணன் குடும்பம், அண்ணி பிள்ளைத்தாய்ச்சி, ஜனவரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்றேன்.

“நீ தகவல் வாங்கிக் கொடுத்தா அந்தத் தோட்டம் கணக்குலேருந்து போயிடும். உன் பகுதியே அதை வெச்சுத்தானே நிக்குது?”

“போகட்டும்.”

“அறிக்கையில உன் பேர் முன்னால வராது. தெரியுதா?”

“தெரியுது.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து, செம்பாகாவை நீக்கிவிட்டேன், உன் வேலை ரிங்லெட் டவுனோடு நிற்கிறது என்றார். நான் தலையாட்டினேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வருஷ உழைப்பு அண்ணி. ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இத்தோடு மலாயில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். விஷயம் இதுதான்: எங்கள் தண்ணீரைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் முடிவை எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், நாங்கள் படிக்கிற மொழியில். மேனேஜரிடம் கொடுத்தால் அவர் தலைமை ஆபீசுக்கு அனுப்பலாம். ஆனால் அண்ணன் சரி என்றால் மட்டும். இரண்டாம் தடவையும் அவரைக் கேட்காமல் அவர் பெயரை நான் சபைக்கு இழுக்க மாட்டேன்.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் போத்தல் தண்ணீரே குடியுங்கள்.

உங்கள் பூவு


செம்பாகா தோட்டம்
14 டிசம்பர் 2025

பூவு,

உன் விண்ணப்பத்தை உன் அண்ணன் வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து வெளியே வைப்பேன், அவர் அடுத்த சட்டையில் வைத்துக்கொள்வார். தாள் துணி மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் நானே கேட்டேன். “இவ்ளோ நாளா தெரியாமத்தான் வேல பாத்தியான்னு கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

“ஆமான்னு சொல்லுங்க.”

“அது அவ்ளோ ஈசியா?”

ஆனால் போன திங்கட்கிழமை காலையில் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். எங்கே என்றேன். ஆபீசுக்கு என்றார். அங்கே நடந்ததைக் கிராணி எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார். மேனேஜர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, “இத்தன வருஷம் கேக்காம இப்ப ஏன் வசந்தன்?” என்று கேட்டாராம். உன் அண்ணன், “என் வீட்டுலயே போத்தல் தண்ணி குடிக்கிறாங்க சார். எனக்கு மொதல்ல தெரியணும்,” என்றாராம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். “ரிசல்ட் எல்லாம் எச்.கியூ.வுக்குப் போகுது. எனக்கும் வராது. வராத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நானும் நெனச்சிக்கிட்டேன்,” என்று சொல்லி, இவரை உட்காரவைத்து, இவர் எதிரிலேயே ஈமெயில் எழுதினாராம். வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது.

இன்றைக்கு மண்டபத்தில் கூட்டம். கிராணி படிக்கிறேன் என்றார். உன் அண்ணன் வேண்டாம் என்று தானே எழுந்தார். நான் முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஆகஸ்ட் மாசம் எடுத்த தண்ணி சரியில்ல,” என்று ஆரம்பித்தார். “கிருமி இருந்துச்சுன்னு போட்டிருக்கு. காய்ச்சாம குடிக்கக் கூடாத தண்ணி. எனக்கு யாரும் சொல்லல. நானும் போயிக் கேக்கல. இனிமே ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கியாந்து இங்கயே படிப்பேன்.”

சாரதா எழுந்தாள்.

“என் மகளுக்கு அதனாலதான் வந்துச்சா?”

“அதனாலதானான்னு தெரியல சாரதா. அந்த மாசம் தண்ணி சரியில்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, “சரி, மிச்ச மாசம் எப்படி? நல்லது இருந்தா அதயும் படியேன் லா. கெட்டத மட்டும் படிச்சிட்டு ஒக்காரப் போறியே!” என்றாள். உன் அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். மற்ற சோதனைகள் எல்லாம் நல்லபடியாக வந்திருந்தன. பதற்றத்தில் அதைப் படிக்கவே மறந்துவிட்டார்! மண்டபமே சிரித்தது. இவரும் சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்தப் பல்லைப் பார்க்கிறேன்.

ரஃபிக் தன் பாஷையில் எழுதித் தருகிறேன், அதையும் ஒட்டுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஓடைக்கும் தொட்டிக்கும் நடுவில், மண் படிய இன்னொரு தொட்டி கட்டப்போவதாக மேனேஜர் சொன்னார். ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டி முடித்தால்தான் நான் நம்புவேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். “மழ நாள்ல போத்தல் தண்ணி குடி. வெயில் நாள்ல நம்ம தண்ணியக் காய்ச்சிக் குடி. நான் சொல்றேன்.” நான் சொல்கிறேன் என்று அவர் சொல்லிக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டைதான் போடுவோம்.

அண்ணி


செந்தூல்
28 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நம்பர் திறந்ததும் முதல் வேலையாக நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் தமிழ், மலாய், வங்காளம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். தமிழ்த் தாளில் ‘குளோரின்’ தப்பாக எழுதியிருக்கிறது. அண்ணன் கையெழுத்து. திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அந்தப் படத்தை ரூபினியிடம் காட்டினேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதை யார் செய்யச் சொன்னாங்க?” என்றார். யாரும் சொல்லவில்லை, அவர்களே செய்துகொண்டார்கள் என்றேன். நேற்று அறிக்கையின் கடைசிப் பகுதியை என்னிடம் கொடுத்து, “மக்களுக்குத் தண்ணித் தகவல் எப்படிப் போய்ச் சேரணும்னு நீ எழுது. கணக்கு வேணாம், நடந்தத எழுது. ஊர் பேர் போடாதே,” என்றார். என் பெயர் முன்னால் வராது என்பதில் மாற்றமில்லை. கடைசிப் பகுதி என்னுடையது, அது போதும்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறோம். நம்புகிறீர்களா என்ற கேள்வியை இனிமேல் சபையில் கேட்பதில்லை. வீடு வீடாகப் போய்த் தனியாகக் கேட்கப் போகிறோம்.

பொங்கலுக்கு வருகிறேன். இந்தத் தடவை வரலாமா என்று கேட்கப்போவதில்லை. புதன்கிழமை மத்தியான பஸ். அண்ணனை வளைவில் வந்து நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று எழுதுங்கள், இங்கிருந்து வாங்கி வருகிறேன்.

பூவு


செம்பாகா தோட்டம்
8 ஜனவரி 2026

பூவு,

புளிப்பு மாங்காயும் பெட்டாலிங் ஸ்திரீட்டில் வறுத்து விற்கிற கஷ்கொட்டையும் வாங்கி வா. பிள்ளை கேட்கிறதாக எழுதுகிறேன், உண்மையில் கேட்பது நான்தான். ஆறாம் மாதம் நடக்கிறது. தானா ராத்தா டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நேற்று உன் அண்ணன் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். உதைத்தது. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

புதுத் தொட்டிக்கு அஸ்திவாரம் வெட்டியாகிவிட்டது. கம்பி இறக்கியிருக்கிறார்கள். சரி, பாதி நம்புகிறேன்.

வெள்ளை வேன் போன வாரம் வந்தது. போத்தலை மூடிக்கொண்டு கிளம்பினவர்களை உன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தி, “கெபுத்துசான் பிலா?” என்று கேட்டார். முடிவு எப்போது வரும் என்று. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒருவர் தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல்மலை கறுத்துவிட்டது. கூரையில் மழை விழ ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணன் சற்று முன்தான் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். மைக் சத்தம் கேட்கிறது. இப்போதெல்லாம் இருமுவதில்லை, நேரே பேச்சுத்தான்:

“வசந்தன் பேசறேன். மேல மழ கனமா இருக்கு, ஓட கலங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல வால்வ மூடப்போறேன். இப்ப வர்ற தண்ணி நல்ல தண்ணி. எல்லாரும் ரொப்பி வெச்சுக்குங்க. கீழ்லயத்துல ரஃபிக் சொல்லிருவான். தெறக்கறப்ப மறுபடியும் சொல்றேன்.”

லயம் முழுக்கக் குழாய் திறக்கிற சத்தம். பக்கத்து வீட்டில் சாரதா வாளியை நகர்த்துகிறாள். நானும் எழுந்து குடத்தை வைக்க வேண்டும்.

அண்ணி